இருக்கட்டும்

கொரீன் ஹாஸ்கிங்கின் காற்புள்ளிகளோடு
இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தினேன்.
அடிலெய்டில், ரண்டில் தெருவுக்குப் பின்னால்,
லிஃப்ட் ஓடாத பதிப்பகத்தின் மூன்றாம் மாடியில்
நானும் ஒரு பென்சிலும்.

முதல் நாவல் பீர் அட்டைப்பெட்டியில் வந்தது.
அவளுக்கு அப்போது இருபத்து நான்கு.
ஒரு கலங்கரை விளக்கக்காரன், அவன் மகள், ஒரு புயல்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதி விற்றது.
அதில் நாற்பதை அவளே வாங்கினாள் என்பதை
ஏதோ ஒரு கிறிஸ்துமஸில்
இரண்டாவது கோப்பை ஷெர்ரிதான் சொன்னது.

அடுத்ததில் அப்பன் குதிரை வைத்தியன்.
அதற்கடுத்ததில் ரயில் ஓட்டுகிறவன்:
நல்லார்பார் வெளியில்
நாற்பது பக்கத்துக்கு வளைவே இல்லாத தண்டவாளம்.
அதற்குத்தான் பரிசு கொடுத்தார்கள்.
கடன் வாங்கிய காலணியோடு மேடையேறி
'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லோடு இறங்கிவிட்டாள்.
நான்காவதை யாரும் படிக்கவில்லை.
எனக்குப் பிடித்தது அதுதான்.

நான்கிலும் எங்கோ ஒரு பக்கத்தில்
காற்று திசை மாறும்.
'ஜன்னல்கள் சாத்தப்பட்டன.'
செயப்பாட்டு வினை எனக்கு ஆகாது.
ஒவ்வொரு முறையும் ஓரத்தில் எழுதினேன்:
யாரால்?
ஒவ்வொரு முறையும் கேள்வியை அடித்துத்
திருப்பி அனுப்பினாள்.

நாற்பத்தாறில் தன் கதையை எழுதினாள்.
போர்ட் பிரீ.
ஈயம் உருக்கும் ஆலையின் புகைபோக்கி,
ராத்திரியில் அதன் உச்சியில் சிவப்பு விளக்கு.
அட, இதுதானா உன் கலங்கரை விளக்கம் என்றேன்,
அறையில் யாரும் இல்லை.
அப்பா மெர்வ் உலையடியில் நின்றவர்.
வீட்டுக்குள் வருமுன் காலணியை உதறுவார்,
உதறிய இடத்தில் நாய் படுத்துக்கொள்ளும்.
பள்ளிக்கு வந்த நர்ஸ்
விரல் குத்தி ரத்தம் எடுத்துப் போவாள்.
தம்பி லயலின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.
எவ்வளவு என்று அவள் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.
நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் எனக்குப் பதில்:
'வடகாற்று கிளம்பியதும்
அம்மா ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள்.'

புத்தகம் நன்றாகப் போனது.
ரயிலில் படித்துக்கொண்டு அழுத ஒருத்தியை
நானே பார்த்தேன், கிளெனெல்க் டிராமில்.
சரி, ரயில் இல்லை, டிராம்.
இந்தத் தொழிலில் அதெல்லாம் முக்கியம்.

மறுபதிப்புக்கு ஒரு வாரம் இருக்கையில்
லயலின் கடிதத்தை எனக்கு அனுப்பினாள்.
வயாலாவில் டயர் கடை,
ரசீதின் முதுகில் எழுதியிருந்தான்:

'நல்லா எழுதியிருக்கே. நாயின் பெயர் தப்பு.
அம்மா எந்த ஜன்னலையும் சாத்தினதே இல்லை.
புழுக்கம் தாங்காமல் எல்லாவற்றையும்
திறந்துபோட்டுத் தூங்குவாள்.
நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிச் சாத்தினது நீ.
உனக்குப் பத்து வயசு இருக்கும்.
என் கட்டிலுக்கு மேலே இருந்ததைத்தான்
முதலில் சாத்துவாய்.'

தொலைபேசியில் கேட்டேன்:
'சாத்தினாள்' என்பதைச் 'சாத்தினேன்' ஆக்கட்டுமா?
விகுதி ஒன்றுதான், பக்கம் நகராது.
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கியது.
ஒரு மாக்பை கத்தியது.

"நாய் பெயரை மாத்திடு" என்றாள்.
நான் வைக்கப் போனபோது,
"அது இருக்கட்டும்.
ஒரு புத்தகத்திலாவது
அவள் எழுந்து வந்து சாத்தட்டுமே."

அதற்குள் அந்தச் சொல்லை அடித்துவிட்டிருந்தேன்.
அடித்ததை இருக்கட்டும் என்று சொல்ல
எங்கள் தொழிலில் அடியில் புள்ளி வைப்போம்.
வைத்தேன்.
ஆறு புள்ளிகள்,
ஜன்னல் விளிம்பில் படிந்த மாதிரி.

பென்சிலில் இருப்பது
பேருக்குத்தான் காரீயம், தெரியும்.
இருந்தாலும் அன்றைக்குக்
கை கழுவிவிட்டுத்தான் சாண்ட்விச்சைப் பிரித்தேன்.